எல எப்போது இலை ஆகிறது?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுச் சுவரில் பெரும்பாலும் ஓர் அரிச்சுவடி அட்டை தொங்கும். அ அணில், ஆ ஆடு, இ இலை. பிள்ளையைக் கூப்பிட்டு, மூன்றாவது படத்தைத் தொட்டு, ‘இது என்ன கண்ணு?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எல’ என்று பதில் வரும். பிள்ளை சொல்வது சரிதான். பந்தியில் எல போட்டாச்சா என்றுதான் நாமும் கேட்கிறோம்.

இனி அந்த அட்டையைப் பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். படத்தின் பெயர் எந்த ஒலியில் தொடங்குகிறதோ, அந்த ஒலிக்கான எழுத்து பக்கத்தில் இருக்கும். அட்டையின் ஏற்பாடு அவ்வளவுதான். அணிலுக்கும் ஆட்டுக்கும் இது பொருந்துகிறது. எலைக்குப் பொருந்தவில்லை. எல தொடங்குவது ‘எ’ ஒலியில். அட்டையில் இருப்பதோ ‘இ’. உ-வுக்கு உலகம் என்று ஓர் உருண்டை வரைந்திருந்தால் அங்கும் இதே இடறல். பிள்ளையின் வாயில் அது ஒலகம்.

இது கொச்சையோ சோம்பலோ அல்ல. தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சொல்லின் முதலில் வரும் குறில் இகரமும் உகரமும், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் எகரமாகவும் ஒகரமாகவும் மாறும். இடம் எடமாகும், விறகு வெறகாகும், குடம் கொடமாகும், உடம்பு ஒடம்பாகும். இந்த விதியை யாரும் பிள்ளைக்குச் சொல்லித் தரவில்லை. காதால் கேட்டே பிடித்துக்கொண்டது. மூன்று வயதுக்குள் இத்தனை நுட்பமான விதியைக் கைக்கொண்ட ஒரு மூளையிடம், ‘தப்பு, இலைன்னு சொல்லு’ என்கிறோம்.

குழந்தைக்கு வாசிப்பை எப்போது, எப்படித் தொடங்குவது என்ற கேள்விக்கு ‘சீக்கிரமே எழுத்துச் சொல்லிக் கொடுங்கள்’ என்ற பதில்தான் ஊரில் அதிகம் உலவுகிறது. எழுத்துக்கு முன்னால் காது கடந்து வந்திருக்கும் தூரத்தை முதலில் அளந்து பார்ப்போம்.

காது முந்தி

அந்தத் தூரம் கருப்பையிலேயே தொடங்குகிறது. 1980இல் அமெரிக்காவில் அந்தோனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட முழுதாக ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பை வைத்தார்கள். ஒருவிதத் தாளத்தில் சப்பினால் காதில் அம்மாவின் குரல் கேட்கும். வேறு தாளத்தில் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மாவின் குரலை வரவழைக்கும் தாளத்துக்கு மாறிக்கொண்டன. ஆறு ஆண்டுகள் கழித்து டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தாய்மார்கள் தினமும் வாய்விட்டு வாசித்த கதையைப் பிறந்த குழந்தை அடையாளம் காண்கிறதா என்று பார்த்தார்கள். கண்டது. கதையின் பொருளை அல்ல, அதன் ஏற்ற இறக்கத்தையும் நடையையும்.

அடுத்த ஆய்வு, தமிழ் பேசுகிறவர்கள் கேட்டால் புன்னகை வரவழைப்பது. கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்டது. ‘ட’ என்ற ஒலியையும் ‘த’ என்ற ஒலியையும் ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்குப் பிரித்துக் கேட்பது கடினம். இந்தி பேசுவோருக்கு அது ஒரு விஷயமே அல்ல, நமக்கும்தான். அப்படியானால் ஆங்கில வீட்டுக் குழந்தைக்கு? ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும் என்று குழந்தைகளைப் பழக்கிவிட்டுச் சோதித்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் ட, த வேறுபாட்டைப் பிடித்துவிட்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறமை ஏறக்குறைய மறைந்துபோனது.

ஏன் இப்படி? குழந்தை தன் வீட்டில் எந்த வேறுபாடு பொருளை மாற்றுகிறது, எது மாற்றவில்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. உதவாத வேறுபாடுகளுக்குக் காதைத் தளர்த்தி, உதவுகிறவற்றுக்குக் கூர்மையாக்குகிறது. முதல் சொல் வாயில் வருவதற்கு முன்பே காது தன் தாய்மொழிக்குத் தகவமைந்துவிடுகிறது. ஆங்கில வீட்டில் ட-வும் த-வும் கலப்பது போலத்தான் பல தமிழ் வீடுகளில் ழ-வும் ள-வும் கலக்கின்றன. வாளப்பளம் கேட்டு வளர்ந்த காதுக்கு வாழைப்பழத்தின் இரண்டு ழ-க்களும் புத்தகத்தில்தான் முதன்முதலாக அறிமுகமாகின்றன.

கேட்டால் மட்டும் போதுமா?

போதாது என்று காட்டியது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரீஷியா கூல் செய்து 2003இல் வெளியிட்ட சோதனை. ஆங்கில வீட்டு ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் 25 நிமிடம். சீன மொழி பேசுகிறவர் எதிரில் உட்கார்ந்து புத்தகம் வாசித்தார், பொம்மை காட்டிப் பேசினார். முடிவில் அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சீன மொழி ஒலி வேறுபாட்டைத் தைவான் குழந்தைகளுக்கு இணையாகப் பிரித்தறிந்தன. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் காணொளியில். அவர்கள் கற்றது ஒன்றுமில்லை. திரையில் வரும் முகம் குழந்தை எங்கே பார்க்கிறது என்று பார்ப்பதில்லை; அது ‘ங்கா’ என்றால் ‘என்ன தங்கம்?’ என்று திரும்பக் கேட்பதும் இல்லை.

சொல்லின் எண்ணிக்கையா, மாறிமாறிப் பேசுவதா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும் கான்சாஸில் 42 குடும்பங்களை மாதந்தோறும் பதிவுசெய்து, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் நான்கு வயதுக்குள் 3 கோடிச் சொல் வித்தியாசம் என்று 1995இல் கணக்குச் சொன்னார்கள். உலகமெங்கும் பேசப்பட்ட எண் அது. ஆனால் அந்த 42இல் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பங்கள் 6 மட்டுமே. அதை வைத்து ஏழைகள் எல்லாரையும் எடைபோட்டது பின்னால் கடும் விமர்சனத்துக்கு ஆளானது. 2018இல் ரேச்சல் ரோமியோவும் உடன் பணியாற்றியவர்களும் 36 குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, அவர்கள் கதை கேட்கும்போது மூளையையும் படம் எடுத்தார்கள். பெரியவர் பேசிய சொற்களின் எண்ணிக்கையை விட, பெரியவர் ஒன்று சொல்ல, பிள்ளை ஒன்று சொல்ல என்று பேச்சு கைமாறிய தடவைகளே மூளையின் மொழிப் பகுதியின் வேலையோடு பொருந்தின. வருமானம் எவ்வளவு என்பது அங்கே குறுக்கே வரவில்லை.

நம் வீடுகளில் புதிதாக வந்திருக்கிற ஒரு பழக்கத்துக்கு இது பொருந்தும். ஆங்கிலப் பள்ளிக்குப் போகப்போகிற பிள்ளை என்று, ‘கம்’, ‘சிட்’, ‘ஈட் பண்ணு’ என நாலு கட்டளைகளுக்குள் பேச்சைச் சுருக்கிக்கொள்கிறோம். கட்டளைக்குப் பதில் பேச்சு இல்லை. கீழ்ப்படிதல் மட்டும்தான் உண்டு. அம்மாவுக்குச் சரளமாக வருகிற மொழியில்தான் ‘ஏன் அழுவுற? எறும்பு கடிச்சுதா? எந்த எறும்பு, கறுப்பா செவப்பா?’ என்று பேச்சு நீளும். அந்த நீளத்தில்தான் மொழி வளர்கிறது.

வாசிப்பு என்ற பெருக்கல் கணக்கு

பேச்சுக்கு மூளை பல லட்சம் ஆண்டுகளாகத் தயாரானது. எழுத்துக்கு வயது ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான். அதற்கென்று மூளையில் தனி இடம் உருவாக அவகாசமே இல்லை. பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் டெஹான் சொல்வது இது: முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண இருந்த பார்வைப் பகுதியில், இடப்புறம் ஒரு சிறு துண்டை வாசிப்பு தன் வேலைக்குப் பழக்கி எடுத்துக்கொள்கிறது. 2010இல் அவர் குழு பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறியாதவர்கள், வளர்ந்தபின் எழுதப் படிக்கக் கற்றவர்கள், பள்ளியில் கற்றவர்கள் என 63 பேரின் மூளையை ஒப்பிட்டது. எழுத்தறிந்தவர்களின் மூளையில் பார்வைப் பகுதி மட்டுமல்ல, பேச்சைக் கேட்கும் பகுதியும் மாறியிருந்தது. எழுத்து, காதையே மாற்றுகிறது.

வாசிப்பு என்பது என்னென்ன சேர்ந்தது? 1986இல் பிலிப் கஃபும் வில்லியம் டன்மரும் ஒரு எளிய கணக்குச் சொன்னார்கள். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு ‘என்ன படிச்ச?’ என்றால் விழிக்கிற பிள்ளையும், கதையைக் கொட்டித் தீர்க்கிற, ஆனால் ஒரு வரி படிக்கத் தெரியாத பிள்ளையும் நாம் பார்த்தவர்கள்தான்.

முதல் திறனில் தமிழ்ப் பிள்ளைக்கு வேலை கொஞ்சம் நீளம். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247. ஆனால் எல்லாம் தனித்தனி வடிவம் இல்லை, ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கிலும் மேடுபள்ளம் உண்டு. இகர விசிறி எல்லா மெய்யிலும் ஏறக்குறைய ஒன்றுபோல வரும். உகரம் அப்படி அல்ல. கு, சு, டு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒருவிதம். ‘கெ’ எழுதும்போது கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, காதோ க-வின் ஒலியை முதலில் கேட்கிறது. ‘கொ’வில் உயிரின் குறி மெய்யை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுதும் கைவசமாக நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டினார். அங்கே கூட்டெழுத்துகளும் உண்டு; நமக்கு அந்தச் சுமை குறைவு. ஆனாலும் ஆங்கிலத்தின் 26 எழுத்தோடு ஒப்பிட்டு, ஒரே வருஷத்தில் முடியவில்லையே என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை.

எழுத்து வருவதற்கு முன்பே இந்தத் திறனுக்கு ஊட்டம் கொடுக்க ஒரு வழி இருக்கிறது: ஒலியோடு விளையாடுவது. ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்டும் நாலைந்து வயதுப் பிள்ளைகள் சுமார் 400 பேரிடம் ‘மூன்று நான்கு சொல்லில் ஒலி ஒட்டாத சொல் எது?’ என்று கேட்டு, நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒலியில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பின்னாளில் வாசிப்பிலும் கெட்டியாக இருந்தார்கள். ஒலிப் பயிற்சி தரப்பட்டவர்களில், எழுத்தையும் சேர்த்துக் கற்றவர்களே அதிகம் முன்னேறினார்கள். 1983இல் வெளியான முடிவு அது. அவர்கள் கேட்ட கேள்வியைத் தமிழில் கேட்டால் ‘பட்டு, தட்டு, மரம்: இதில் எது சேராது?’ என்று வரும். எதுகையும் மோனையும் புலவர் சொத்து என்று நினைத்திருந்தோம். தட்டாமாலை சுற்றும் பிள்ளைகளின் சொத்தும்தான். சிறுவர்கள் ரகசியம் பேசும் க-பாஷையை நினைத்துப் பாருங்கள். ‘பாட்டி’ அதில் ‘கபாகட்டி’ ஆகும். சொல்லைப் பா என்றும் ட்டி என்றும் மனத்துக்குள் துண்டாக்கத் தெரிந்தால்தான் நடுவில் க-வைச் செருக முடியும். வாசிப்புக்கு வேண்டிய அதே அறுவையைப் பிள்ளைகள் தாங்களாகவே தெருவில் பயின்றுகொள்கிறார்கள்.

இரண்டு தமிழ்

பெருக்கலின் இரண்டாம் பாதி, மொழியைப் புரிந்துகொள்வது. தமிழ் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அதில் என்ன சிக்கல் என்று தோன்றும். சிக்கல் இருக்கிறது, நாம் இரண்டு தமிழ் வைத்திருக்கிறோம். ‘அவங்க ஊருக்குப் போறாங்க’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பாடநூல் ‘அவர்கள் ஊருக்குச் செல்கிறார்கள்’ என்கிறது. வந்துச்சு வந்தது ஆகிறது, பாத்தேன் பார்த்தேன் ஆகிறது, சொவரு சுவர் ஆகிறது. ஒரே சமூகத்தில் வீட்டுக்கு ஒன்றும் ஏட்டுக்கு ஒன்றுமாக ஒரு மொழியின் இரு வடிவங்கள் வாழும் நிலைக்கு 1959இல் சார்லஸ் ஃபெர்குசன் இலக்கணம் வகுத்தார். தமிழில் அதை இரட்டை வழக்கு என்கிறோம். அவர் விரித்துக்காட்டிய நான்கு மொழிகளில் ஒன்று அரபி. நம் கேள்விக்கு விடை அங்கிருந்துதான் வருகிறது.

அரபிப் பிள்ளையும் வீட்டில் ஒன்று பேசி, புத்தகத்தில் வேறொன்றைச் சந்திக்கிறது. ஏட்டு அரபி சின்னப் பிள்ளைக்குப் புரியாது என்று பெரியவர்கள் வாசிக்க மாட்டார்கள். வாசித்தாலும் பேச்சு அரபிக்கு மாற்றிச் சொல்வார்கள். இஸ்ரேலில் தினா ஃபைடெல்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். அரபி மழலையர் வகுப்புகளில் நாளின் கடைசி 15 நிமிடம் ஆசிரியை ஏட்டு அரபியிலேயே கதைப் புத்தகம் வாசித்தார். ஐந்து மாதம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படம் பார்த்துக் கதை சொல்வதிலும் மற்ற வகுப்புப் பிள்ளைகளை விஞ்சியிருந்தார்கள். கதை சொல்லும்போது ஏட்டு அரபிச் சொற்கள் அவர்கள் வாயில் தாமாகவே வந்தன. யாரும் இலக்கணம் நடத்தவில்லை, மனப்பாடம் வைக்கவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே புத்தகத் தமிழ் காதுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதுதான் நமக்கான பாடம். ‘சென்றது’ என்று தட்டுத்தடுமாறிக் கூட்டுகிற பிள்ளைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே காதில் இருந்தால், பாதி எழுத்திலேயே ‘ஓ, அதுவா’ என்று பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் முழுதும் கூட்டி முடித்த பிறகும் அது வெறும் சத்தம். புத்தகம் தரும் ஊட்டம் இன்னொன்றும் உண்டு. டொனால்ட் ஹேய்ஸும் மார்கரெட் ஆரன்ஸும் 1988இல் ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தார்கள். பட்டம் படித்த பெரியவர்களின் பேச்சில் 1,000 சொல்லுக்கு 17.3 அரிய சொற்கள். குழந்தைகள் புத்தகத்தில் 30.9. படித்த அப்பா அம்மா எவ்வளவு பேசினாலும், சில சொற்கள் புத்தகத்தைத் திறந்தால்தான் வெளியே வரும்.

அதற்காக வீட்டிலேயே ஏட்டுத் தமிழ் பேசத் தொடங்கிவிடக் கூடாது. ‘மகனே, உணவு உண்ண வருகிறாயா?’ என்று கேட்கிற வீட்டில் பேச்சு நாலு தடவைகூடக் கைமாறாது.

மடியில் ஒரு மொழிபெயர்ப்பு

வாசிப்பையும் பேச்சையும் இணைக்கும் முறையை அமெரிக்காவின் குரோவர் வைட்ஹர்ஸ்ட் 1988இல் சோதித்திருந்தார். இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு மிகச் சுருக்கமான பயிற்சி. வாசித்துக்கொண்டே போகாதே, ‘என்ன’, ‘ஏன்’ என்று கேள். பிள்ளை சொன்னதை ஏற்றுக்கொள். அதையே கொஞ்சம் நீட்டித் திருப்பிச் சொல். மற்றக் குழுவினரும் அதே அளவு வாசித்தார்கள், ஆனால் தங்கள் வழக்கப்படி. ஒரே மாதத்தில், சொல்லி விளக்கும் திறனுக்கான ஒரு சோதனையில் முதல் குழுப் பிள்ளைகள் எட்டரை மாத வளர்ச்சி அளவுக்கு முன்னால் நின்றார்கள். ஒன்பது மாதம் கழித்தும் அந்த முன்னிலை முழுதும் கரைந்துவிடவில்லை.

தமிழில் இந்த முறைக்கு இன்னொரு பயனும் சேர்கிறது. புத்தகத்தில் ‘பூனை மெதுவாக எட்டிப் பார்த்தது’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா அதை உள்ளபடியே வாசிக்கிறாள். பிறகு, ‘பூன எட்டிப் பாத்துச்சாம். எதுக்குப் பாக்குது?’

‘பாலு!’

‘ஆமா, பால் குடிக்கத்தான். எந்தப் பாலு? அடுப்புல இருக்கே, அதுவா?’

‘சூடு.’

‘சூடா இருந்தா பூன வாய் சுட்டுடுமே! அப்புறம் என்ன பண்ணுச்சு, பாப்போமா?’

இந்த நாலு வரிப் பேச்சில் பார்த்தது, பாத்துச்சு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்துவிட்டன. அம்மா இலக்கணம் சொல்லவில்லை. இரண்டு தமிழுக்கும் நடுவில் ஒரு பலகையைப் போட்டுவிட்டாள். பல அம்மாக்கள் இதை இயல்பாகவே செய்கிறார்கள். செய்துவிட்டு, ‘கொச்சையாப் பேசிட்டேனே’ என்று கூச்சப்படுகிறார்கள். கூச்சம் தேவையில்லை. வாசிப்பது ஏட்டில், பேசுவது வீட்டில். இரண்டில் எதை விட்டாலும் பலகைக்கு ஒரு முனை இல்லாமல் போகும்.

வாசிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கு இதில் இடமில்லையா? படம் மட்டும் பார்த்துக் கதை கட்ட எழுத்து எதற்கு? விடுகதை போடவும், சோறூட்டும்போது நிலாவைக் கூப்பிட்டுப் பாடவும் அவளை விட்டால் ஆள் இல்லை. பேச்சு கைமாறுவதும் எதுகையும் அவளிடம் தாராளமாகக் கிடைக்கும். ஏட்டுத் தமிழுக்கு மூன்றாம் வகுப்பு அக்கா போதும்; தம்பிக்கு வாசித்துக் காட்டுகிற சாக்கில் அவள் வாசிப்பும் திருந்தும். புத்தகத்துக்குப் பெரிய செலவும் இல்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் மெல்லிய சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்துத் தருகிறது. ஒரே புத்தகத்தை இருபதாவது தடவை கேட்கிறதே என்று சலிக்க வேண்டாம். ஐந்தாவது தடவை படத்தைக் கேட்ட பிள்ளை, பத்தாவது தடவை வரியைக் கேட்கும்.

மறுபடி சுவர் அட்டைக்கு வருவோம். பிள்ளை மூன்றாவது படத்தைத் தொட்டு ‘எல’ என்கிறது. ‘எல இல்ல, இலைன்னு சொல்லு’ என்பது ஒரு பதில். அதைக் கேட்கிற பிள்ளை, தன் வீடே தப்பாகப் பேசுகிறது என்று கற்றுக்கொள்ளும். அல்லது எழுத்து என்பது தனக்குச் சம்பந்தமில்லாத சமாச்சாரம் என்று முடிவுகட்டும். இன்னொரு பதிலும் இருக்கிறது. அதற்கு ஆகும் நேரமும் அவ்வளவுதான்.

‘ஆமா, எலதான். பொஸ்தகத்துல இலைன்னு போட்டிருப்பாங்க. எங்க, நம்ம கதையில எங்கயாச்சும் இலை வருதான்னு பாப்போமா?’